முதுகுக்கு பரீட்சை வைத்தவர்!

குட்டீஸ்... கணக்கு, அறிவியலுக்கு பரீட்சை எழுதுகிறீர்கள். முதுகுக்கும், வயிற்றுத் தசைக்கும் பரீட்சை வைத்த டாக்டரைத் தெரியுமா? அவர்தான் ஹான்ஸ் கிரவுஸ்!

1905ல், ட்ரியஸ்ட் நகரில் பிறந்தார். அன்று ஆஸ்திரியா - ஹங்கேரி பேரரசில் இருந்த அந்நகரம், இன்று இத்தாலியில் உள்ளது. மலையேற்றம் என்றால் அவருக்கு உயிர். வியன்னாவில் மருத்துவம் படித்தார். சுளுக்கு என்று வருவோரை படுக்கவிடாமல், மெல்ல மெல்ல அசைய வைத்தே குணப்படுத்தினார். ஆஸ்திரியாவை நாஜிக்கள் பிடித்த 1938ல், அமெரிக்கா சென்று நியூயார்க்கில் குடியேறினார்.

அங்கே முதுகுவலியோடு வந்த பலருக்கு, எலும்பில் கோளாறு இல்லை. தசைகள்தான் பலவீனமாக இருந்தன. எனவே, சோன்யா வெபர் என்ற டாக்டருடன் சேர்ந்து, ஆறு எளிய சோதனைகளை உருவாக்கினார். படுத்த நிலையில் இருந்து எழுவது, கால்களைத் தூக்கி 10 வினாடி நிறுத்துவது, முழங்காலை மடக்காமல் தரையைத் தொடுவது போன்றவைதான். ஒன்றில் தவறினாலும் பெயில்!

பள்ளிக் குழந்தைகளைச் சோதித்தபோது அதிர்ச்சி காத்திருந்தது. அமெரிக்கக் குழந்தைகளில் பாதிக்கும் மேல் தோற்றனர். ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்தில் தோற்றவர்கள், 100க்கு 10 பேர் கூட இல்லை. கார், பஸ், லிப்ட் என வசதி பெருகி, நடை குறைந்ததே காரணம் என்றார் கிரவுஸ்.

1955ல், ஜனாதிபதி ஐசனோவரிடம் இந்த விவரம் எடுத்துச் சொல்லப்பட்டது. மறு ஆண்டே, இளைஞர் உடல்தகுதிக்காக ஒரு கவுன்சிலை அமைத்தார் ஜனாதிபதி.

ஆனால், அதன்பின் பள்ளிகளுக்கு வந்ததோ வேறு சோதனை. 50 கெஜ ஓட்டம், பந்து எறிதல், நீளம் தாண்டுதல்... 1966 முதல், சிறந்தவர்களுக்கு ஜனாதிபதி விருதும் உண்டு. வேகமாக ஓடியவர்கள் கைதட்டல் வாங்கினர். பலவீனமான பிள்ளைகள் வெட்கப்பட்டு ஒதுங்கினர். கிரவுஸ் தேடியது, ஒதுங்கி நின்ற அந்தப் பிள்ளைகளைத்தான்!

ஜனாதிபதி கென்னடியின் முதுகுவலிக்கும் 1961ல் உடற்பயிற்சி மூலம் சிகிச்சை அளித்த கிரவுஸ், 1996ல், தன் 90வது வயதில் மறைந்தார்.

2012ல், அந்தப் பழைய சோதனை கைவிடப்பட்டது. பக்கத்து மாணவனோடு ஒப்பிடாமல், ஆரோக்கியத்துக்குத் தேவையான அளவோடு ஒப்பிடும் முறை வந்தது. 2025ல், பழைய சோதனையை மீண்டும் கொண்டுவர ஜனாதிபதி உத்தரவிட்டார்.

குட்டீஸ்... குனிந்து தரையைத் தொட உங்களுக்கு வரவில்லையா? வெட்கப்படாதீர்கள். எந்தத் தசைக்குப் பயிற்சி வேண்டும் என்பது தெரிந்துவிட்டதே! தினமும் கொஞ்சம் பழகுங்கள். விரல் தானாகத் தரையைத் தேடி வரும்.