ஓட்டுநராய்த் தொடங்கிய முதலாளி

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு பிறந்தவர் ஜி.டி.நாயுடு. பள்ளிப் படிப்பில் அவர் மனம் ஒன்றவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, அதை வாங்கும் பொருட்டே கோவை உணவு விடுதி ஒன்றில் பரிமாறுபவராய் உழைத்தார். வாங்கிய வண்டியை முற்றும் பிரித்து, மீண்டும் பூட்டிப் பார்த்தார்.

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கியபோது ஓட்டுநரும் அவரே. அவரது நிறுவனம் வளர்ந்து, வண்டிகள் 200க்கு மேல் பெருகிய பின்னரும் அவ்வனுபவம் கைகொடுத்தது. பிறரிடம் ஒப்படைத்த வேலையைத் தம் கையால் செய்து அறிந்தவர் ஆதலின், ஓட்டுநர் சொல்லும் சாக்கு எது, மெய்யான இடர் எது என்று பிரித்தறிய அவருக்கு இயன்றது. காலந்தவறாமையில் அவர் காட்டிய கண்டிப்பைப் பணியாளர் பொறுத்துக்கொண்டதும் இதனால்தான் போலும்.

1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி தோன்ற அவரே காரணர். முதல்வர் பொறுப்பும் ஏற்றார். நான்காண்டுப் படிப்பை இரண்டாண்டுகளில் கற்பித்துவிடலாம், எஞ்சியது இளைஞரின் வீண்பொழுது என்பது அவர் துணிபு. ஆசிரியர்களுக்கு இது சற்றே கசக்கும்; பட்டறையில் ஆள் பழக்கியவர்க்கு அப்படித்தான் தோன்றும். அரசு இசையவில்லை. தாம் நம்பாத முறையைப் பிறர்மேல் சுமத்த மனமின்றி, தம் முயற்சியால் எழுந்த கல்லூரியின் முதல்வர் பதவியைத் துறந்து வெளியேறினார்.