தாய்மார்மேல் விழுந்த பழியைத் துடைத்த மருத்துவர் ஜெரோம் லெஜூன்



பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைக் கண்டதும் சீடர்கள் ஆண்டவரிடம் கேட்ட கேள்வி நமக்குத் தெரியும். பாவம் செய்தது இவரா, இவருடைய பெற்றோரா என்று கேட்டார்கள். இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகியும் அந்தக் கேள்வி நம் காவிரிக்கரைக் கிராமங்களை விட்டுப் போகவில்லை. மனவளர்ச்சி குன்றிய ஒரு குழந்தை பிறந்துவிட்டால் போதும். கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாள், வயிற்றுப் பிள்ளையோடு எதையோ பார்த்துப் பயந்திருப்பாள், யார் வயிற்றெரிச்சலோ என்று நடவு வயலிலும் களத்துமேட்டிலும் பேச்சு நடக்கும். எங்கே தொடங்கினாலும் கடைசியில் பழி வந்து இறங்குவது தாயின் தலைமேல்தான்.

இருவருமே பாவம் செய்யவில்லை என்ற ஆண்டவரின் பதிலை மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதே பதிலை ஆய்வுக்கூடத்திலிருந்து தாய்மாருக்குக் கொண்டுவந்த ஒரு கத்தோலிக்க மருத்துவரின் வாழ்க்கையை இன்று சிந்திப்போம்.

ஜெரோம் லெஜூன் 1926ஆம் ஆண்டு ஜூன் 13 அன்று, பாரிஸ் நகரை அடுத்த மோன்ரூஜ் என்ற ஊரில் பிறந்தார். (மேட்டூர் அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அணை திறக்கும் ஜூன் 12க்கு மறுநாள் என்று வைத்துக்கொண்டால் நம் ஊர்க்காரர்களுக்கு மறக்காது.) சிறுவயதில் பால்சாக்கின் நாவல் ஒன்றில் வரும் கிராமத்து வைத்தியரைப் படித்து, தானும் அப்படி ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் மருத்துவப் படிப்பு முடிந்ததும் ரெய்மோன் துர்பான் என்ற குழந்தை மருத்துவப் பேராசிரியரின் ஆய்வுக்குழுவில் சேர வேண்டியதாயிற்று. 1952ஆம் ஆண்டு மே முதல் நாளில் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த பிர்த்தேயை மணந்தார். ஐந்து பிள்ளைகள் பிறந்தனர்.

துர்பானிடம் வந்த குழந்தைகளில் பலர் ஒரே சாயலில் இருந்தனர். வட்ட முகம், சற்றே சாய்ந்த கண்கள், தளர்ந்த தசைகள், மெதுவான பேச்சு. 1866இல் ஆங்கில மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் விவரித்த நிலை இது. அன்று மருத்துவர்களே அவர்களை ஓர் இனத்தின் பெயரைச் சொல்லி மங்கோலியர் என்று அழைத்தார்கள். காரணம் தெரியவில்லை. தெரியாத இடத்தில் சந்தேகம் குடியேறியது. பெற்றோருக்குப் பால்வினை நோய் இருந்திருக்கும், குடிப்பழக்கம் இருந்திருக்கும் என்று படித்தவர்களே பேசினர். ஆகவே பெற்றோர் பிள்ளையை மறைத்தனர். தாய் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கவில்லை. நம் ஊர் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பாரிஸ் நகரமும் அப்படித்தான் இருந்தது.

1956இல்தான் மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் என்ற சரியான கணக்கே உலகுக்குத் தெரியவந்தது. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23. அடுத்த சில ஆண்டுகளில் துர்பானின் குழு இந்தக் குழந்தைகளின் உயிரணுக்களை ஆராய்ந்து 47 என்று கண்டது. 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருந்தது. 1959ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் லெஜூன், மார்த் கோத்தியே, துர்பான் ஆகிய மூவர் பெயரிலும் இது வெளியிடப்பட்டது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உயிரணுக்களை வளர்த்து, குரோமோசோம்களை எண்ணும் அளவுக்குக் கொண்டுவந்த ஆய்வுக்கூட உழைப்பு மருத்துவர் மார்த் கோத்தியேயுடையது. அமெரிக்காவில் கற்றுவந்த முறையை, போதிய வசதி இல்லாத ஓர் அறையில், தன் சொந்த இரத்தத்தையே எடுத்துப் பயன்படுத்தி அவர் செய்து முடித்தார். தன் உழைப்பு பின்னுக்குத் தள்ளப்பட்டதாக 2009இல் அவரே எழுதினார். கண்டுபிடிப்பில் லெஜூனுடைய பங்கு முதன்மையானதாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்று பிரான்ஸ் நாட்டு மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் அறநெறிக் குழு 2014இல் கருத்துத் தெரிவித்தது. லெஜூனின் பெயரால் இயங்கும் அறக்கட்டளை இதை ஏற்கவில்லை. கோத்தியே 2022இல் இறந்தார். புனித நிலைக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிடுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. லெஜூனை நாம் நினைவுகூர்வது அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு அவர் செய்தவற்றுக்காகத்தான்.

கண்டுபிடிப்பின் பொருள் என்ன? உயிரணு பிரியும்போது ஒரு ஜோடி பிரியாமல் நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். தாயின் வயது கூடும்போது இதற்கான வாய்ப்பு கூடுகிறது என்றாலும் இருபது வயதுத் தாய்க்கும் நேரலாம். பணக்காரருக்கும் நேரலாம், கூலிக்காரருக்கும் நேரலாம். மிகச் சில குடும்பங்களைத் தவிர இது பரம்பரையாக வருவதில்லை. கிரகணம் காரணமில்லை, சாபம் காரணமில்லை. அக்காள் மகளைக் கட்டியதும் இதற்குக் காரணமில்லை. (வேறு சில பரம்பரை நோய்களுக்கு நெருங்கிய உறவுத் திருமணம் காரணமாகலாம், அது தனி விஷயம்.) லெஜூன் இதை ஒவ்வொரு தாயையும் உட்காரவைத்துச் சொன்னார். பாரிஸ் நெக்கர் குழந்தைகள் மருத்துவமனையில் அவரிடம் வந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கானவை. பிள்ளைகளின் பெயரை நினைவில் வைத்து அழைப்பார். நோயின் பெயரைச் சொல்லும் முன்னே குழந்தையின் பெயரைக் கேட்பார்.

புகழும் வந்தது. 1962இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் கையால் விருது பெற்றார். கென்னடியின் சகோதரி ஒருவரே மனவளர்ச்சிக் குறைபாடு உடையவர் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. 1964இல் பாரிஸ் மருத்துவக் கல்லூரியில் அடிப்படை மரபியல் துறையின் பேராசிரியரானார். நோபல் பரிசும் தொலைவில் இல்லை என்று பலர் எண்ணினர்.

அப்போதுதான் அவருக்கு வேதனை தொடங்கியது. 1960களின் பிற்பகுதியில், தாயின் வயிற்றிலிருந்து பனிக்குட நீரை எடுத்துக் குழந்தையின் குரோமோசோம்களைப் பிறக்கும் முன்பே எண்ணும் முறை வந்தது. குழந்தைகளைக் குணமாக்கும் வழிக்கு வாசலாக இருக்கும் என்று லெஜூன் நம்பிய அறிவு, அவர்களைத் தேடிப்பிடித்துக் கருவிலேயே அழிக்கும் வழியாக மாறியது. 1969இல் அமெரிக்க மனித மரபியல் சங்கம் அவருக்கு உயர்ந்த விருது ஒன்றை அளித்தது. சான்பிரான்சிஸ்கோ நகரில் விருதை ஏற்றுப் பேசியபோது, மருத்துவர்கள் கூடியிருந்த அந்த அவையிலேயே, கருவில் இருப்பது மனித உயிர், அதைக் கொல்வது மருத்துவம் அல்ல என்று எடுத்துரைத்தார். கைதட்டல் இல்லை. அன்று நோபல் பரிசை இழந்துவிட்டேன் என்று மனைவிக்கு எழுதினார்.

அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். கருக்கலைப்பு பற்றித் தொலைக்காட்சியில் விவாதம் நடந்த மறுநாள், டவுன் சிண்ட்ரோம் உள்ள பத்து வயதுப் பையன் ஒருவன் அழுதபடி மருத்துவமனைக்கு வந்தான். அந்த விவாதத்தை அவன் பார்த்திருந்தான். மருத்துவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எங்களைக் கொல்லப் பார்க்கிறார்கள், நாங்கள் பலவீனமானவர்கள், நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும் என்ற பொருளில் கேட்டானாம். இவர்களுக்கு ஒன்றும் புரியாது என்று அவர்கள் முன்னாலேயே பேசும் நம் வழக்கத்தை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

அதன்பின் லெஜூன் ஓயவில்லை. ஊர் ஊராகப் பேசினார். சுவர்களில் அவரை மிரட்டி எழுதினார்கள். கூட்டங்களில் கூச்சலிட்டார்கள். 1980களில் ஆய்வுக்கான அரசு நிதி நின்றது. நண்பர்கள் விலகினர். தேடிய சிகிச்சையும் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அக்குழந்தைகளின் ஆயுள் நீண்டது. இதயக் கோளாறுகளுக்கு அறுவை சிகிச்சை வந்தது, விடுதிகளில் அடைப்பது குறைந்தது. அமெரிக்காவில் 1983இல் சராசரியாக 25 வயது வரை வாழ்ந்தவர்கள் இன்று 60 வயது வரை வாழ்கிறார்கள்.

நம் நாட்டில் 2021இல் திருத்தப்பட்ட சட்டப்படி, கருவில் பெரிய குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொன்னால் கருக்கலைப்புக்கு வார வரம்பே கிடையாது. ஆகவே தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒரு ஸ்கேன் அறையில் இளம் தம்பதியர் இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கலாம். அவர்களுக்கு வெறும் கண்டிப்பு போதாது. இந்தப் பிள்ளை பிறந்தால் இந்த ஊரும் இந்தப் பங்கும் அதை ஏற்கும் என்று அவர்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

பார்த்திருக்கிறார்களா? இதைக் கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. இத்தகைய பிள்ளைகளை நாம் கடவுளின் குழந்தை என்கிறோம். பிறகு அதே குழந்தை திருப்பலியில் சத்தம் போட்டால் திரும்பிப் பார்க்கிறோம், தாய் தூக்கிக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்கிறாள். உடன் படித்தவர்கள் புதுநன்மை வாங்கும் நாளில் அவன் மட்டும் வீட்டில் இருக்கிறான். மந்திரம் மனப்பாடம் ஆகவில்லை என்பது காரணம். ஆனால் 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 777, உடலிலும் மனத்திலும் குறைபாடு உடையவர்களுக்கும் அவர்கள் நிலைக்கேற்ப மறைக்கல்வி கிடைக்கச் செய்வதைப் பங்குத்தந்தையின் கடமையாகவே வைத்திருக்கிறது. இது சாதாரண உணவு அல்ல என்பதைப் பிள்ளை உணர்ந்தால் போதும், அதைச் சொல்லால் அல்ல, பார்வையாலும் சைகையாலும் அமைதியாலும்கூடக் காட்டலாம் என்று அமெரிக்க ஆயர்கள் 1995இல் வழிகாட்டினார்கள். சந்தேகம் இருந்தால் கொடுக்கும் பக்கமே சாய வேண்டும் என்றும் சொன்னார்கள்.

கோவிலுக்கு வெளியிலும் இதே கதைதான். அவனுக்கு எதற்கு நிலம் என்று சொல்லி அண்ணன் தம்பிகள் நஞ்சையைப் பிரித்துக்கொள்வது நம் பகுதியில் நடக்காததல்ல. கிறிஸ்தவர்களுக்கான 1925ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்தில் மனவளர்ச்சிக் குறைபாட்டால் பங்கு இல்லாமல் போவதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்து, வயதுவந்த அந்தப் பிள்ளைக்குச் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. அன்பியக் கூட்டங்களில் ஒருநாள் இதைப் பேசினால் எத்தனையோ தாய்மாருக்கு உதவியாக இருக்கும்.

வேளாங்கண்ணி நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நடுத்திட்டில் மோர் விற்ற சிறுவன் நடக்க இயலாதவன் என்று பாரம்பரியம் சொல்கிறது. கோவில் கட்டச் சொல்லும் செய்தியை அன்னை நாகப்பட்டினத்துச் செல்வந்தரிடம் நேரே சொல்லவில்லை, இந்தப் பிள்ளையிடம்தான் கொடுத்து அனுப்பினார். கால் குணமானதைப் பற்றி அதிகம் பேசுகிறோம். அவனை நம்பித் தூது அனுப்பியதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

லெஜூனை ரோமை மறக்கவில்லை. 1974இல் பாப்பிறை அறிவியல் கழகத்தில் உறுப்பினரானார். 1981 மே 13 அன்று அவரும் மனைவியும் திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலுடன் மதிய உணவு அருந்தினர். அன்று மாலைதான் திருத்தந்தை சுடப்பட்டார். 1994 பிப்ரவரியில் பாப்பிறை வாழ்வுக் கழகத்தின் முதல் தலைவராக லெஜூனைத் திருத்தந்தை நியமித்தார். அதற்குள் நுரையீரல் புற்றுநோய் அவரை வீழ்த்தியிருந்தது. தன் பிள்ளைகளை, அதாவது தன் நோயாளிகளை, விட்டுப் போகிறோமே என்பதே அவருடைய கவலையாக இருந்தது. ஏப்ரல் 3, உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறு காலையில் இறந்தார். 2021 ஜனவரி 21 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவிக்க இசைவளித்தார்.

அடக்கத் திருப்பலி பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தில் நடந்தது. பேராசிரியர்களும் பிரமுகர்களும் நிறைந்திருந்தனர். நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒருவர் எழுந்து ஒலிபெருக்கியை நோக்கி நடந்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ள இளைஞர், லெஜூனின் தொடக்கக்கால நோயாளிகளுள் ஒருவர். யாரும் தடுக்கவில்லை. தன்னைப் போன்றவர்களுக்காகவும் தன் பெற்றோருக்காகவும் செய்த அனைத்துக்கும் அவர் தன் மருத்துவருக்கு நன்றி சொன்னார். பேராலயம் முழுவதும் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.