தேய்மானம் எழுதாத கணக்கு

எங்கள் வீட்டில் இரண்டு மின்விசிறிகள் உண்டு. கூடத்தில் சுழல்வது, நான் கல்லூரிப் பணியில் சேர்ந்த மறு ஆண்டு, 1985-இல் வாங்கியது. இந்த நாற்பது ஆண்டுகளில் இருமுறை அதற்குக் காயில் கட்டியிருக்கிறோம். மூன்று நான்கு முறை கண்டென்சரும் ஒருமுறை பேரிங்கும் மாற்றியிருக்கிறோம். இன்றும் அது சுழல்கிறது. படுக்கையறையில் இருப்பது ரிமோட்டில் இயங்கும் புதிய வகை. வாங்கி மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள், உத்தரவாதக் காலம் கடந்த சில மாதங்களில், ஒரு கோடை இரவில் அது நின்றுபோனது.

நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர், உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை பழுதாகிவிட்டது என்றார். அந்த மாடலின் உற்பத்தி நிறுத்தப்பட்டதால் மாற்றுப் பலகை கிடைக்காது என்றும், பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கினால் தள்ளுபடி உண்டு என்றும் கூறினார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கூடத்து விசிறிக்குக் காயில் கட்டித் தந்த தெருமுனைக் கடைக்காரரிடம் அதை எடுத்துச் சென்றேன். அவர் மூடியைத் திறந்தார். பலகை முழுவதன்மீதும் கெட்டிப் பசையை ஊற்றி மூடியிருந்தார்கள். சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதில் தமக்கு வேலை ஏதும் இல்லை என்று திருப்பித் தந்தார். காசு வாங்கவில்லை.

முப்பத்து மூன்று ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்த இரு விசிறிகளையும் நாட்டின் கணக்கு எப்படிப் பார்க்கிறது என்பது எனக்குத் தெரியும். ஒரு குடும்பம் வாங்கும் விசிறி, குளிர்பதனப் பெட்டி, கைப்பேசி ஆகியவற்றின் முழு விலையும் வாங்கிய ஆண்டிலேயே நுகர்வுச் செலவாக எழுதப்பட்டுவிடுகிறது. அதன்பின் அந்தப் பொருள் நாற்பது ஆண்டுகள் உழைத்தாலும் மூன்றே ஆண்டுகளில் குப்பைக்குப் போனாலும் கணக்கில் வேறுபாடு இல்லை. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. மூன்று ஆண்டுகளில் பழுதான பொருளுக்குப் பதிலாக நான் வாங்கும் புதிய பொருள், நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பை மீண்டும் ஒருமுறை உயர்த்தும். என் வீட்டின் இழப்பு நாட்டின் வளர்ச்சியாகப் பதிவாகும்.

இந்தக் கணக்கை ஏற்க மறுத்த பொருளியலாளர் ஒருவர் தமிழ் மண்ணில் பிறந்தார். அவர் முறையாகப் பயின்ற தணிக்கையாளரும்கூட. ஜே.சி. குமரப்பா என்ற அவருடைய பெயரை, இந்தியப் பொருளியல் சிந்தனை பற்றிய பாடத்தின் இறுதியில், காந்தியப் பொருளாதாரம் என்ற தலைப்பின்கீழ் அரைமணி நேரத்தில் சொல்லி முடித்துவிடுவது என் வழக்கமாக இருந்தது. தேர்வில் அவருக்கு இரண்டு மதிப்பெண்களுக்கு மேல் கிடைத்ததில்லை. அவருடைய வாழ்வைப் பணி ஓய்வுக்குப் பிறகே நான் பொறுமையாகப் படித்தேன்.

குமரப்பா 1892 ஜனவரி 4-இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் செல்லதுரை கார்னிலியஸ். தந்தையார் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். சென்னையில் கல்வி பயின்று, லண்டன் சென்று தணிக்கையாளரானார். இந்தியா திரும்பி பம்பாயில் தணிக்கைத் தொழிலை வெற்றிகரமாக நடத்தினார். ஐரோப்பிய உடை, ஐரோப்பியப் பழக்கவழக்கம், நல்ல வருமானம் என்று அமைந்த வாழ்க்கை அது. வாழ்க்கை அவ்வாறே தொடர்ந்திருந்தால் இன்று நாம் அவரை நினைக்கக் காரணம் ஏதும் இருந்திராது.

1927-இல் மேற்படிப்புக்காக அவர் அமெரிக்கா சென்றார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்ற பின், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயின்றார். அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் எட்வின் செலிக்மன் என்ற புகழ்பெற்ற அறிஞர். இந்தியா ஏன் ஏழ்மையில் இருக்கிறது என்பது பற்றித் தேவாலயம் ஒன்றில் குமரப்பா ஆற்றிய உரை நாளிதழில் வெளியாக, அதைக் கண்ட செலிக்மன் அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு தூண்டினார். அந்நியர் ஆட்சி மக்களிடம் பெற்ற வரியை எங்கு, யாருக்காகச் செலவிட்டது என்று குமரப்பா வரி வரியாகத் தணிக்கை செய்தார். அந்த ஆய்வு அவரை மாற்றியது.

அவர் அங்கு வாழ்ந்த காலத்தையும் நாம் கவனிக்க வேண்டும். இன்று நம்மைத் தொல்லைப்படுத்தும் வணிகமுறை உருவான காலம் அது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஆண்டுதோறும் காரின் தோற்றத்தை மாற்றி, ஓடிக்கொண்டிருக்கும் காரையே பழையதாக உணரச் செய்யும் உத்தியை வளர்த்துக்கொண்டிருந்தது. பெரும் மின்விளக்கு நிறுவனங்கள் 1924-இல் ஜெனீவாவில் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தி, குமிழ் விளக்கின் ஆயுளை ஆயிரம் மணி நேரத்துக்குக் குறைக்க உடன்பட்டிருந்தன. கூடுதல் நேரம் எரியும் விளக்கைத் தயாரித்த உறுப்பு நிறுவனத்துக்கு அபராதமும் உண்டு. தவணை முறை விற்பனை அமெரிக்கக் குடும்பங்களிடையே பெருமளவில் பரவியதும் அப்போதுதான். அதுபற்றி விரிவான ஆய்வு நூலை 1927-இல் வெளியிட்டவர் வேறு யாருமல்லர். ஜெனரல் மோட்டார்ஸின் ஆதரவுடன் அதை எழுதிய அதே செலிக்மன்தான். தவணை முறை நியாயமானதே என்பது அவர் கண்ட முடிவு.

ஆசிரியர் வகுத்த பாதையில் மாணவர் செல்லவில்லை. தாயகம் திரும்பிய குமரப்பா, தம் ஆய்வேட்டை வெளியிடும் எண்ணத்துடன் 1929 மே மாதம் சாபர்மதி ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். காந்தி அதைத் தம் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட்டார். கூடவே, குஜராத்தின் மாத்தர் வட்டத்தில் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராயும் பணியையும் ஒப்படைத்தார். குமரப்பா வீடு வீடாகச் சென்று வருமானம், கடன், உணவு, உடை அனைத்தையும் கணக்கெடுத்தார். கார்னிலியஸ் என்ற பெயரை விட்டு, முன்னோர் பெயரான குமரப்பாவை ஏற்றார். மேல்நாட்டு உடை போய்க் கதர் வந்தது.

தணிக்கையாளர் மட்டும் மாறவில்லை. 1934-இல் பிகார் நிலநடுக்க நிவாரண நிதியின் கணக்குகளைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. காந்தியுடன் வந்தவர்களின் உணவுச் செலவையும் வாகனச் செலவையும் நிவாரண நிதியில் எழுத அவர் மறுத்தார். அது பாதிக்கப்பட்டவர்களின் பணம் என்பது அவர் வாதம். காந்தி அதை ஏற்றுக்கொண்டார். செலவு யாருடையது, அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்ற இந்தக் கேள்வியைத்தான் குமரப்பா தம் வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு பொருளிடமும் கேட்டார்.

அதே ஆண்டின் இறுதியில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கப்பட்டபோது அவர் அதன் செயலரானார். வார்தாவின் மகன்வாடியில் எண்ணெய்ச் செக்கு, கைக்காகிதம், மண்பாண்டம், தேனீ வளர்ப்பு ஆகியவற்றில் இடைவிடாத சோதனைகள் நடந்தன. தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கு அங்கு உருவானது. மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றும் குடும்பம், எங்கோ ஒரு நாட்டின் எண்ணெய்க் கிணற்றையும் அதை ஆளும் நிறுவனத்தையும் நம்பி நிற்கிறது; உள்ளூர்ச் செக்கு ஆட்டிய எண்ணெயில் எரியும் விளக்கு பக்கத்து வயலையும் பக்கத்து வீட்டுத் தொழிலாளியையும் நம்பி நிற்கிறது. விளக்கு அணைந்தால் யாரிடம் போக வேண்டும் என்பதும் அவருக்குப் பொருளியல் கேள்வியே.

1942 போராட்டத்தை ஒட்டிச் சிறை சென்ற அவர், ஜபல்பூர் சிறையில் நிலைத்த பொருளாதாரம் என்று பொருள்படும் தலைப்பில் தம் முதன்மையான நூலை எழுதினார். 1945-இல் அதற்கு முன்னுரை வழங்கிய காந்தி, கிராமத் தொழில் டாக்டர் என்ற பட்டத்தையும் அவருக்குச் சூட்டினார். எந்தப் பல்கலைக்கழகமும் தராத அந்தப் பட்டத்தின் மதிப்பு, பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய எனக்கு இப்போது புரிகிறது.

பொருளாதார அமைப்புகளை அந்நூலில் இயற்கையின் ஒழுங்கைக் கொண்டு அவர் வகைப்படுத்துகிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி, தான் வாழ ஆதாரமானதையே அழிக்கிறது; அது ஒட்டுண்ணிப் பொருளாதாரம். தன் கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ அதைவிடப் பல படி மேலே நிற்கிறது. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையின் சேவைப் பொருளாதாரமே உச்சம். வளங்களையும் அவர் இரண்டாகப் பிரித்தார். காடும் நீரோட்டமும்போல மீண்டும் மீண்டும் பெருகுபவை ஒருவகை. எடுக்க எடுக்கக் குறையும் நிலக்கரி, எண்ணெய், தாது போன்றவை மற்றொரு வகை. இரண்டாம் வகையை நம்பிய நாகரிகம் அந்த இருப்புக்காகப் போரிடும் என்று உலகப் போரின் நடுவே சிறைக்குள்ளிருந்து எழுதினார். வாழ்க்கைத் தரத்தை உயர்ந்தது, தாழ்ந்தது என்று பிரிப்பதை ஏற்காமல், எளியது, சிக்கலானது என்றே பிரிக்க வேண்டும் என்றார். பொருள்கள் கூடக்கூட வாழ்க்கை உயர்வதாக நாம் எண்ணுகிறோம். அது சிக்கலாகிறது என்பது அவர் கணிப்பு. பிற்காலத்தில் ஷூமாக்கர் சிறியதே அழகு என்ற தம் புகழ்பெற்ற நூலில் குமரப்பாவை எடுத்துக்காட்டியபோதுதான் உலகம் இப்பக்கம் சற்றுத் திரும்பிப் பார்த்தது.

விடுதலைக்குப் பின் காங்கிரஸின் வேளாண் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். ஆனால் நாடு பேராலைகளின் பாதையைத் தேர்ந்துகொண்டது. உடல்நலம் குன்றிய அவர், மதுரை அருகே தே.கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிய குடிலில் தங்கினார். காந்தி மறைந்த அதே ஜனவரி 30-ஆம் நாளில், 1960-இல், சென்னையில் காலமானார்.

குமரப்பாவைத் தெய்வமாக்குவதற்காக இதை எழுதவில்லை. அவரை மறுக்கவும் எனக்குக் காரணங்கள் உண்டு. 1985-இல் அந்த விசிறியை வாங்க என் மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு செலவானது. இன்று கட்டடத் தொழிலாளியின் வீட்டிலும் விசிறி சுழல்கிறது என்றால், பெருமளவு உற்பத்தி விலையைக் குறைத்ததே காரணம். மேலும், கூடத்து விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கேட்கிறது. நின்றுபோன புதிய விசிறிக்கு 30 வாட் போதும். எடுக்கக் குறையும் வளம் பற்றிக் கவலைப்பட்டவர் இந்த வேறுபாட்டைப் புறக்கணித்திருக்க மாட்டார். ஆகவே பழையது எல்லாம் நல்லது, புதியது எல்லாம் தீது என்ற முடிவுக்கு அவர் பெயரைப் பயன்படுத்துவது நேர்மையாகாது.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அந்த மோட்டாருக்கும், பசை ஊற்றி மூடிய பலகைக்கும் தொடர்பு என்ன? மோட்டார் நன்றாகவே இருந்தது. இறக்கைகள் நன்றாக இருந்தன. உள்ளங்கை அளவுப் பலகை ஒன்று கிடைக்காததால் செம்பும் இரும்பும் அலுமினியமும் சேர்ந்த முழுப்பொருளும் குப்பையாகிறது. பலகையை ஈரத்திலிருந்து காக்கவே பசை என்று நிறுவனம் சொல்லக்கூடும். அப்படியே இருக்கட்டும், மாற்றுப் பலகையைப் பத்து ஆண்டுகள் விற்பனையில் வைத்திருக்க எந்தத் தொழில்நுட்பம் தடையாக நிற்கிறது? அந்தச் செலவை நிறுவனம் தன் ஏட்டில் எழுதாமல் என் ஏட்டிலும், சுரங்கத்தின் ஏட்டிலும், ஊரின் குப்பைமேட்டிலும் எழுதிவிடுகிறது. பிகார் நிதியின் தணிக்கையாளர் இந்தப் பதிவை அனுமதித்திருப்பாரா?

சில நாடுகள் விழித்துக்கொண்டிருக்கின்றன. பொருளின் ஆயுளைத் திட்டமிட்டுக் குறைப்பதை பிரான்ஸ் 2015-இல் குற்றமாக்கியது. 2021 முதல் சில பொருள்களை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்ற மதிப்பெண்ணை விலையோடு காட்ட வேண்டும் என்றும் விதித்தது. நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022-இல் குழு அமைத்தது. அதற்கென இணையதளமும் தொடங்கியது. இவை போதா. விற்கும் பொருளின் உதிரிபாகம் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பதைப் பெட்டியின்மீது அச்சிடுவது கட்டாயமாக வேண்டும். பழுதுபார்க்கும் கையேடும் உதிரிபாகமும் நிறுவனத்தின் மையங்களில் மட்டுமல்லாமல், தெருமுனைக் கடைக்கும் கிடைக்க வேண்டும்.

இதை வலியுறுத்தக் காரணம் என் விசிறி மட்டுமன்று. காயில் கட்டும் அந்தக் கடை சென்ற ஆண்டு மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். முப்பது ஆண்டுகள் செம்புக் கம்பியைச் சுற்றிய அந்த மனிதர், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாயிலில் காவலராக அமர்ந்திருக்கிறார். பழுதுபார்க்க முடியாத பொருள் வாங்கியவரின் காசை மட்டுமன்றி, கற்றவரின் கைத்தொழிலையும் வீணாக்குகிறது. அவருடைய அனுபவத்துக்கும் எந்த ஏட்டிலும் தேய்மானம் எழுதப்படவில்லை.

நின்றுபோன விசிறி பரணில் இருக்கிறது. எடைக்குப் போட இன்னும் மனம் வரவில்லை. நான் மீண்டும் வகுப்பறைக்குச் செல்ல நேர்ந்தால் அதை மேசைமீது வைத்துக் குமரப்பாவின் பாடத்தைத் தொடங்குவேன். அரைமணி நேரத்தில் முடிக்க மாட்டேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).