வத்தலக்குண்டுச் சிவாவும் மில் வாசல் அறையும்

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் செல்லும் வழியில் மில் வாசல்களுக்குக் குறைவில்லை. ஷிப்டு முடிந்து வெளிவருவோரில் நம் பக்கத்துப் பெண்ணும் உண்டு. ஒடிசாவிலிருந்து வந்த வாலிபனும் உண்டு. வாசலுக்கு உள்ளே ஓர் அறை. ஒரு காலத்தில் அது லேபர் ஆபீஸ். பிறகு பர்சனல் டிபார்ட்மெண்ட். இன்றோ மனிதவளத் துறை! உலகெங்கும் இத்துறை உருமாறுகிறதாம். பதிவேடு போய் விரல் ரேகை வந்தது, வேலை கேட்டு வரும் மனுக்களைக் கம்ப்யூட்டரே சலிக்கிறது என்கிறார்கள். நிலவளம், நீர்வளம் என்ற வரிசையில் மனிதனையும் சேர்த்துவிட்ட இந்தப் பெயர் நமக்கு உறுத்தத்தான் செய்கிறது. அது நிற்க. தொழிலாளியின் குறையைக் கேட்க மில்லுக்குள் ஓர் அறை வேண்டும் என்ற நிலை எப்படி வந்தது?

இதே திண்டுக்கல் சீமையின் வத்தலக்குண்டில் 1884 அக்டோபர் 4 அன்று பிறந்தார் சுப்பிரமணிய சிவா. மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் படித்தார். படித்தவர் உத்தியோகம் தேடி ஓடிய காலத்தில், இவர் ஊர் ஊராகச் சென்று மேடை ஏறினார். தூத்துக்குடிக்கு வந்தார்; வ. உ. சிதம்பரனாரோடு சேர்ந்தார்.

அங்கே வெள்ளையர் நடத்திய கோரல் மில். பொழுது விடிந்தது முதல் அடையும் வரை வேலை, அற்பக் கூலி, வார விடுமுறை கிடையாது. சிறுவர்களும் அதே சக்கரத்தில்தான். முறையிட எந்த அதிகாரி இருந்தார்? அந்நாளைய மில்களில் ஆள் எடுப்பவரும் மேஸ்திரி, ஆளை விரட்டுபவரும் மேஸ்திரி! சிவாவும் சிதம்பரனாரும் நாள்தோறும் கூட்டம் போட்டுப் பேசினர். 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர் வேலையை நிறுத்தினர். ஏறத்தாழ ஆயிரம் பேர். அவர்கள் அடுப்பு அணையாமல் ஊரார் பார்த்துக்கொண்டனர். பத்து நாளுக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை ஆயிற்று.

சர்க்கார் சும்மா இருக்குமா? மார்ச் 12 அன்று இருவரும் கைது. நெல்லையில் துப்பாக்கிச் சூடு, நால்வர் பலி. அப்போது கோரல் மில் தொழிலாளர் செய்ததை நாம் மறக்கலாகாது. கூலிக்காக அல்ல, தலைவர்களுக்காக மீண்டும் வேலையை விட்டு வெளியேறினர். திலகருக்காகப் பம்பாய் மில்கள் நின்றதுகூட அதே ஆண்டு ஜூலையில்தான்.

சிவாவுக்குப் பத்தாண்டு தீவாந்திர தண்டனை, மேல்முறையீட்டில் ஆறாண்டாயிற்று. 1912-இல் வெளியே வந்தபோது சிறை தந்த பரிசு உடலில் இருந்தது: தொழுநோய். நோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்றது சர்க்கார். நடந்தார், கட்டை வண்டியில் போனார், பேசினார். 1913-இல் ‘ஞானபாநு’ என்ற இதழும் நடத்தினார். 1921-இல் மறுபடி சிறை. 1925 ஜூலை 23 அன்று தருமபுரிக்கு அருகே பாப்பாரப்பட்டியில் கண் மூடினார். வயது நாற்பதே!

அவர் மறைந்த மறு ஆண்டு, 1926-இல், தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரி கையிலிருந்து பறித்து லேபர் ஆபீசரிடம் கொடுக்கச் சொன்னது 1931-இன் விட்லி கமிஷன் அறிக்கை. ஐந்நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் நல அதிகாரி இருந்தே தீரவேண்டும் என்றது 1948-இன் தொழிற்சாலைச் சட்டம். அறை பிறந்தது இப்படித்தான், முதலாளியின் கருணையால் அல்ல.

ஆனால் சம்பளம் கொடுப்பவரே குறையும் கேட்டால், எவள் வாய் திறப்பாள்? 2021 ஜனவரியில் இம்மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலைத் தொழிலாளி ஒருத்தி கொல்லப்பட்டாள். பெண்கள் பெரும்பாலோராக உள்ள சங்கம் போராடியது. 2022-இல் ஆலையும் சங்கமும், பிறகு கடல் கடந்த துணிக் கம்பெனிகளும் கையெழுத்திட்ட உடன்படிக்கைக்குத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே பெயர். பாலியல் தொல்லையைக் கண்டு சொல்லத் தொழிலாளரிடையிலிருந்தே கண்காணிப்போர். விசாரிக்க ஆலைக்கு வெளியே உள்ளவர்கள். ஆலை வாக்கு மீறினால் துணி வாங்கும் கம்பெனி கொள்முதலில் கை வைக்கும். கண்காணிக்க வந்தவர்கள் பட்டம் பெற்ற அதிகாரிகள் அல்லர், தையல் மெஷின் முன் உட்காரும் பெண்கள். வத்தலக்குண்டுக்காரர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.