கொல்லிமலைப் பிராண்டு ஐயர்

கொல்லிமலை என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழ் பயில்வார் உள்ளத்தில் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் தோன்றுதல் இயல்பு. யாமும் அம்மலையை ஏட்டிலேயே கண்டு மகிழ்ந்தோம். ஆயினும் ஓரி மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்தபின், அம்மலைவாழ் மக்களுக்குத் தம் வாழ்நாளையே ஈந்த மற்றொரு வள்ளலும் உளர். அவரே ஜெஸ்ஸி பிராண்டு ஐயர். அவர் வரலாறு கல்லூரி மாணவராகிய நமக்கு ஒரு வினாவை எழுப்பி நிற்றலின், அதனை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்துள்ள கொல்லிமலை, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு முதலாகப் பல நாடுகளாகப் பகுக்கப்பெற்றது. இந்நாளில் 70 கொண்டையூசி வளைவுகளையுடைய சாலையில் பேருந்து எளிதாக ஏறுகின்றது. ஐயர் காலத்திலோ அச்சாலை இல்லை. அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலிருந்து நடந்தேனும் டோலியிலேனும் ஏறுதல் வேண்டும். மலைமேல் பலாவும் தேனும் உண்டு, மலைக்காய்ச்சலும் உண்டு. அக்காய்ச்சலுக்கு அஞ்சிக் கீழ்நாட்டார் ஆங்கு இராத் தங்கவும் தயங்கினர்.

ஐயர் 1885-ஆம் ஆண்டு இங்கிலாந்து தேசத்தில் பிறந்தவர். லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு வைத்தியம் பயின்று, 1907-ஆம் ஆண்டு பாப்டிஸ்து மிஷனைச் சார்ந்து நம் நாட்டிற்கு வந்தார். 1913-ஆம் ஆண்டு, இலண்டன் மாநகரில் செல்வக் குடியில் பிறந்து ஓவியம் பயின்றவராகிய ஈவ்லின் ஹாரிஸ் அம்மையாரைச் சேந்தமங்கலத்தில் மணந்தார். மணவிழா முடிந்ததும் இருவரும் கொட்டும் மழையில் மலை ஏறினர். அம்மையாரின் மணவாடை சேறும் நீரும் தோய்ந்து போயிற்று. அவர்தம் இல்லறம் அவ்வாறு தொடங்கிற்று.

வாழவந்தியில் ஐயர் தம் கையாலேயே மரவீடு ஒன்று அமைத்தார். கறையான் ஏறாதபடி கால்களின்மேல் அதனை நிறுத்தி, ஒவ்வொரு காலின் தலையிலும் கவிழ்த்த சட்டிபோல் உலோகத் தகடு பொருத்தினார். அவர் வைத்தியமும் கைவேலையும் ஒன்றையொன்று தழுவியே நடந்தன. நரம்புச்சிலந்தியால் வருந்தினாரின் புண்ணிலிருந்து அப்புழுவைச் சிறு குச்சியிற் சுற்றிச் சிறிது சிறிதாக வெளியிழுத்தார். ஆயினும் நோய்க்கு மருந்திடுதலோடு அமையாது, அதன் மூலத்தையும் நாடினார். மக்கள் கால் நனைத்து இறங்கி நீர் முகக்கும் கிணறுகளே காரணமென அறிந்து, எவரும் இறங்காவண்ணம் கல்லாற் சுற்றுச்சுவர் எடுப்பிக்க முயன்றார்.

இத்துணையும் செய்தும், ஆண்டுகள் பல கழிந்தும், அவர் உபதேசத்தை ஏற்பார் இலர். ஊர்ப் பூசாரியின் எதிர்ப்புக்கு மக்கள் அஞ்சினர். பின்னர் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலையையும் பற்றியது. ஐயரும் அம்மையாரும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசைதோறும் சென்று, நோயுற்றார் வாயில் ஊட்டினர். அக்காய்ச்சலிற் கிடந்த பூசாரியும், தம்மைத் தேடி வந்தவர் யாவர் என்பதை அன்று கண்டார். இறக்குங்கால் தம் கைக்குழந்தையை அவ்விருவரிடமே ஒப்புவித்தார். அதன்பின்னரே மக்கள் மனம் நெகிழ்ந்தது.

தாய் தந்தையற்ற பிள்ளைகளையும் மலைச் சிறாரையும் கூட்டி ஐயர் நடத்திய கல்வியே நாம் கருதத்தக்கது. எழுத்தும் எண்ணும் மட்டும் அதில் அடங்கியிருக்கவில்லை. தச்சும், கட்டட வேலையும், பயிர்த்தொழிலும் அதன்கண் சேர்ந்திருந்தன. மரத்தை அளந்து அறுக்கும் சிறுவன் கணக்கை நெட்டுருச் செய்ய வேண்டுவதில்லை. அரை விரல் பிழைத்தால் பலகையே அவனைத் திருத்தும். மலையை விட்டகலாது மலையிலேயே மானத்தோடு வாழ்தற்குரிய கல்வி அது. நாசரேத்தூர்த் தச்சரைப் பின்பற்றுவார்க்கு உளியும் இழைப்புளியும் இழிந்த கருவிகள் ஆகா அன்றோ!

தம் மக்களுக்கும் அவர் அவ்வழியே கற்பித்தார். 1914-ஆம் ஆண்டு பிறந்த மைந்தர் பால், பாடம் என்றால் மரக்கிளையில் ஏறியிருந்தே எழுதுவார். அன்னையார் கீழிருந்து திருத்துவார். தந்தையாரோ புற்றைப் பிளந்து கறையானின் அரசாட்சியைக் காட்டுவார். 1923-ஆம் ஆண்டு மைந்தரும் தங்கையும் படிப்பின்பொருட்டு இங்கிலாந்தில் விடப்பட்டனர். கண்ட பூவையும் பறவையையும் பற்றித் தந்தையார் தவறாது கடிதம் வரைந்து வந்தார். 1929-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கொடிய மலைக்காய்ச்சலால் ஐயர் 44-ஆம் வயதில் உயிர் நீத்தார். தந்தி முந்திச் சென்றது. கடல்வழி வந்த கடிதமோ, எழுதிய கை ஓய்ந்தபின்னரே மைந்தர் கையை அடைந்தது.

பால் பள்ளியை விட்டுக் கல்லூரி புகாது, சில்லாண்டு கட்டடத் தொழிலாளராய்த் தச்சும் கொற்றும் பழகினார். வீணாய்ப் போன ஆண்டுகள் என்றே பலரும் எண்ணியிருப்பர். பிற்காலத்தில் அவர் சத்திர வைத்தியம் பயின்று, 1946-ஆம் ஆண்டு வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களின் தசைநாண்களை மாற்றித் தைத்து, மூடிய கைகளைத் திறந்தார். திறந்த கைக்குத் தொழிலும் வேண்டுமென உணர்ந்து, 1951-ஆம் ஆண்டு தோன்றிய நவஜீவ நிலையத்தில் அந்நோயாளர்க்குத் தச்சும் பொம்மை செய்தலும் கற்பித்தார். வாழவந்தியின் பட்டறை வேலூரில் மீண்டும் திறக்கப்பட்டது என்னலாம். அம்மையாரோ முதுமையில் ஓய்வு பெற்றும் மலைகளை விட்டகலாது உழைத்து, 1974-ஆம் ஆண்டு 95-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்து, கணவர் அருகே வாழவந்தியில் அடக்கம் பெற்றார்.

நண்பர்காள்! ஏட்டுக் கல்வியை இகழ்தல் நம் கருத்தன்று. ஏட்டால் வாழ்வோம் யாம். ஆயினும் ஓரியின் வில்லைப் பொருளோடு விரித்துரைக்க வல்ல எம் கை, ஓர் ஆணியை நேரே அடிக்க அறியாது. அடுத்த கோடை விடுமுறையில் கொல்லிமலை செல்வார், அருவியாடி மீள்வதோடு அமையாது, வாழவந்தியில் அவ்விருவர் கல்லறைமுன் சிறிது நின்று, தம் கைகளைத் தாமே ஒருமுறை நோக்குவாராக.