இளமை வறுமையும் பாரதியாரும்

மகாகவி பாரதியாரை அறியாத தமிழ்ப் பிள்ளை நம் சப்ரகமுவத் தோட்டங்களிலே இல்லை. அவர்தம் பிள்ளைப் பிராயத்தை அறிந்தோரோ சிலரே.

1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகத் தோன்றினார். ஐந்து வயதிலே தாயை இழந்தார். தந்தையார் மறுமணம் புரிந்தார். பதினொரு வயதிலே கவித்திறத்துக்காகப் ‘பாரதி’ என்னும் பட்டம் பெற்றார். பதினான்கு வயதிலே ஏழு வயதுச் செல்லம்மாளை அவருக்கு மணமுடித்தனர். தந்தையார் அரும்பாடுபட்டு நிறுவிய பருத்தி ஆலை நொடித்தது. 1898-இல் தந்தையாரும் மறைந்தார். பதினாறு வயது நிரம்பாத பிள்ளை கதியற்று நின்றது.

வறுமைதான் அவரைக் கவிஞராக்கியது என்பர் சிலர். அது பொருந்தாது. பட்டம் பெற்ற நாளில் அந்தக் குடும்பம் இன்னும் வீழ்ந்திருக்கவில்லை. வீழ்ந்த பிள்ளையைத் தாங்கியவர் காசியிலிருந்த அத்தை குப்பம்மாள். அவர் இல்லத்திலே உண்டு, உறங்கி, வடமொழியும் இந்தியும் பயின்றார் பாரதியார்.

பின்னர் 1904-இல் மதுரையிலே சில மாதம் ஆசிரியப் பணி. அவ்வாண்டே சென்னையில் ‘சுதேசமித்திரன்’ பணி. 1908 முதல் புதுச்சேரியிலே பத்தாண்டு. வறுமை உடன் சென்றது. கடனாகப் பெற்ற அரிசியைக் குருவிகளுக்கு இறைத்தார் என்பர். அவர் கருணையை வியக்கும் நாம், வெறும் உலையின் முன் நின்ற செல்லம்மாளை நினைக்கிறோமா? தந்தையின் வீழ்ச்சி மகனோடு நிற்கவில்லை. மருமகளையும் இரு பேத்தியரையும் வருத்தியது. 1921-இல், முப்பத்தெட்டாம் வயதிலே, செல்வம் எதுவும் வைக்காமல் பாரதியார் மறைந்தார்.

ஆயினும் பட்ட துன்பம் அவர் நெஞ்சைக் கல்லாக்கவில்லை. தாம் கண்ணாலும் காணாத பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களிலே வதைபட்ட பெண்களுக்காகக் கண்ணீர் வடித்துப் பாடினார். கங்காணிமார் அழைத்துவந்த மக்களின் வழிவந்த நமக்கு அப்பாட்டு அயலார் கதையன்று.

இளைஞர்காள்! வறுமையை வாழ்த்துதல் வேண்டா. தந்தையை இழந்த பிள்ளைகளும், தாய் பிழைப்புக்காகக் கடல் கடந்துபோன பிள்ளைகளும் நம் லயங்களிலே உண்டு. அவர்களுள் ஒரு பாரதி இருக்கலாம்; இல்லாதும் போகலாம். எவ்வாறாயினும் பசிக்கு ஒரு பிடி சோறும், படிக்க ஒரு விளக்கும், அன்பான ஒரு சொல்லும் வேண்டும். காசியிலே குப்பம்மாள் செய்ததை நம் தோட்டத்திலே நாம் செய்வோமாக!