யார் இந்த கிரேஸ் ஹாப்பர்? கம்ப்யூட்டருக்கு மொழிபெயர்க்கக் கற்றுக்கொடுத்தவர்!

உலகின் பல வங்கிகளில், அரசு அலுவலகங்களில் இன்னைக்கும் கணக்கு பார்ப்பது 1959-ல் உருவான கோபோல் மொழிதான். அதற்கு வித்திட்டவர் கிரேஸ் ஹாப்பர்.

1906-ல் நியூயார்க்கில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தவருக்கு, ஹார்வர்டில் மார்க் 1 கம்ப்யூட்டரில் வேலை.

அப்போ புரோகிராம் எழுதணும்னா எல்லாமே எண்கள்தான். ஒரு எண் தப்பினாலும் போச்சு! அந்த மாற்றும் வேலையை கம்ப்யூட்டரிடமே விட்டுவிடலாம் என்பது ஹாப்பரின் யோசனை. 1952-ல் ஏ-0 கம்பைலரை உருவாக்கினார். கம்ப்யூட்டருக்கு கணக்கு மட்டும்தான் வரும் என்று பலரும் நம்ப மறுத்தார்கள். அவர் விடவில்லை. அடுத்து, ஆங்கிலச் சொற்களிலேயே எழுதும் ஃப்ளோ-மேட்டிக் மொழியைக் கொண்டுவந்தார். அதைப் பெரிதும் பின்பற்றித்தான் ஒரு குழு கோபோலை வடிவமைத்தது.

1986-ல் 79 வயதில் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றவர், 1992-ல் மறைந்தார்.

கோபோல் தெரிந்த பலரும் இப்போ ஓய்வு பெற்றுட்டாங்க. 2020 கொரோனா நேரத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநரே கோபோல் தெரிந்தவர்களை உதவிக்கு அழைத்தார். இன்று அந்தப் பழைய புரோகிராம்களை ஜாவாவுக்கு மாற்றுவதும் மென்பொருள்தான். ஹாப்பரின் யோசனை அவர் வளர்த்த மொழிக்கே திரும்பி வந்திருக்கு. ஆனா, வரிகளை மாற்றினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வரியும் எதுக்காக எழுதப்பட்டது என்பதை மனிதர்கள்தான் சரிபார்க்கணும். இல்லேன்னா, தப்பாகப் போவது யாரோ ஒருவரின் பென்ஷன் கணக்கு!